சிவப்புக் கொடியும் வெற்றிலைப் பொட்டலமும்

ஓடுகிற பஸ்ஸின் சன்னலிலிருந்து ஒரு வெற்றிலைப் பொட்டலம் வெளியே பறக்கிறது. வாழைச் சருகில் மடித்து நாரால் கட்டிய பொட்டலம். பாலத்தின் தலைப்பிலிருக்கும் செம்மண் மேட்டில் விழுந்து, புரண்டு, அங்கே நிற்கிற ஒரு மனிதரின் காலடியில் போய் நிற்கிறது. அவர் கையில் சிவப்புக் கொடி. கொடியை இன்னும் உயர்த்தித்தான் பிடித்திருக்கிறார். பஸ்ஸோ அதைக் கண்டுகொள்ளாமல் பாலத்தில் ஏறிவிட்டது. அவர் குனிந்து பொட்டலத்தை எடுத்து, ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பஸ் போகிற பக்கம் பார்த்துத் தலையசைக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்ட எனக்கு நேற்றுக் காலை என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை. இது மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்போது நான் மலாய் நாட்டில், சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக வேலை பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. டிரெஸர் என்றதும் பெரிய வைத்தியன் என்று நினைத்துவிட வேண்டாம். காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா கொடுப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, எலும்பு முறிந்தால் பெரிய ஆஸ்பத்திரி போகிறவரைக்கும் அசையாமல் கட்டி வைப்பது, இவ்வளவுதான் என் வித்தை. ஆனாலும் தோட்டத்தில் எல்லாரும் ஐயா போட்டுத்தான் பேசுவார்கள். அந்த வயதில் அது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில் இன்னொரு சின்னத் தோட்டம் இருந்தது. அதற்கென்று தனியாக டிரெஸர் கிடையாது. அதனால் வாரத்தில் பாதி நாள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஆற்றைத் தாண்டுவேன். பஸ் என்று பெயர்தான். லாரியின் முதுகில் பலகை அடித்து, மேலே ஒரு கூரையைப் போட்டு, மனிதர்களையும் கோழிக் கூடைகளையும் ஒன்றாக ஏற்றுவார்கள். டிரைவருக்குப் பக்கத்து இடம் எனக்கென்று இருக்கும்.

அந்த ஆற்றின் மேலிருந்தது மரப்பாலம். ஒரு வண்டி போகிற அகலம்தான். நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டிருக்கும், அதனால் இந்தப் பக்கம் ஏறுகிறவனுக்கு அந்தப் பக்கம் ஏறுகிறவன் தெரியமாட்டான். உச்சிக்குப் போன பிறகுதான் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்க முடியும். எங்கள் கரையில் பாலத்தை ஒட்டி ஒரு மேடு இருந்தது. அதில் ஏறி நின்றால் இரண்டு பக்கத்து ரோடும் தெரியும். அங்கேதான் ரோட்டு இலாகா ஒரு பலகைக் குடிசை போட்டுக் கொடுத்து, கொடிக்காரரை உட்கார்த்தி வைத்திருந்தது. பச்சை காட்டினால் போகலாம், சிவப்பு காட்டினால் நிற்க வேண்டும். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொடிக்காரர் என்றால் அவர்தான்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். முன்பு ரோடு போடுகிற கூட்டத்தில் இருந்தவர். கல் உடைக்கிறவர்கள், தார் காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் ஒரே நீளக் கூரைக்கடியில் படுத்து எழுந்த கூட்டம். அங்கே ரோலர் அவர் பாதத்தில் ஏறிவிட்டது. பாரம் தூக்க முடியாது என்றானதும் கையில் கொடியைக் கொடுத்து இந்த மேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். "உக்காந்த எடத்துல சம்பளம், குடுத்து வெச்ச மனுசன்," என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். சுற்றிலும் காடு. பக்கத்து மலாய்க்காரக் கம்பம், அதாவது கிராமம், அதற்கே வெகுதூரம் நடக்க வேண்டும். ஆறும் குரங்குகளும்தான் அவருக்கு அக்கம்பக்கம்.

எங்கள் பஸ் வளைவில் திரும்பும்போதே அவர் மேட்டில் தயாராக நிற்பார். கையில் சிவப்பு. பஸ் நின்றதும், "அந்தப் பக்கம் ஏதோ வருது, இருங்க," என்பார். ஏதோ என்பது மாட்டு வண்டியா, லாரியா, துரையின் காரா என்று ஒருநாளும் சொன்னதில்லை. டிரைவர் இஞ்சினை அணைப்பார். கொடிக்காரர் ரேடியேட்டருக்காக வாளியில் தண்ணீர் எடுத்து வைத்திருப்பார். அதை நீட்டியபடியே பஸ்ஸுக்குள் பார்வையை ஓட்டுவார். பிறகு ஆரம்பிக்கும் விசாரணை. "ஏம்மா, போன தடவ பல்வலின்னு சொன்னீங்களே, புடுங்கியாச்சா?" "பெரியவரே, மருமக வந்துட்டாங்களா?" அவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார், கேட்பது மட்டும்தான். கேட்டதை மறக்கவும் மாட்டார். அடுத்த தடவை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பல்வலிக்காரியின் புருஷனுக்குக்கூட அவள் பல் விஷயம் அவ்வளவு தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கரையைப் பார்த்துவிட்டு, "சரி, போயிடுச்சு போலருக்கு," என்று பச்சையைக் காட்டுவார். எதிரே எந்த வண்டியும் வந்திருக்காது. எதுவும் வரப்போவதில்லை என்று எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

முதலில் இதை எல்லாரும் ரசிக்கத்தான் செய்தார்கள். ரேடியேட்டர் ஆற வேண்டும், கால் மரத்துப்போனவர்கள் இறங்கி நிற்கலாம். சும்மா பேசிவிட்டுப் போவானேன் என்று எங்கள் டிரைவர்தான் முதலில் ஒரு வெற்றிலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். கொடிக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து லாரிக்காரர்களும் கொடுத்தார்கள். அன்பாக ஆரம்பித்த பழக்கம்தான் அது, அதில் சந்தேகமில்லை.

ரோடு நல்ல தார் ரோடானதும் அவசரம் வந்து சேர்ந்தது. இரண்டு பஸ் ஓடிய தடத்தில் போட்டிக்கு இன்னும் இரண்டு பஸ் வந்தன. எவன் முந்துகிறானோ அவனுக்குத்தான் அடுத்த சந்தியில் ஆள் கிடைக்கும். அன்னாசி லாரிகளுக்குத் தொழிற்சாலையில் வரிசை. இப்போது நான் இருக்கும் மாசாயில் மோட்டார் சைக்கிள்காரப் பிள்ளைகள் பறக்கிறதைப் பார்த்து, காலம் கெட்டுவிட்டது என்று என் வயதுக்காரர்கள் புலம்புகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தக் காலத்து டிரைவர்கள் வளைவில் முந்துவார்கள், இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவார்கள், ஒரு கையில் சுருட்டும் மறு கையில் ஸ்டியரிங்குமாகப் பின்னால் திரும்பிக் கதை பேசுவார்கள். வண்டிகள் குறைவாக இருந்ததால் செத்தவர்களும் குறைவு, அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு லாரிக்காரன், நிற்க நேரமில்லாமல், சிவப்புக் கொடி இருக்கும்போதே பொட்டலத்தை மேட்டில் வீசிவிட்டுப் போனான். அது ஒரு கெட்டிக்காரத்தனமாகப் பேசப்பட்டது. அடுத்து எல்லாரும் வீச ஆரம்பித்தார்கள். எங்கள் பஸ்ஸில் கண்டக்டர் வளைவு வருவதற்கு முன்பே பொட்டலத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வான். நான் டிரைவரிடம், "சிவப்பு காட்டுறாரே, நிக்க வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது பேச்சுக் கொடிங்கய்யா. வெத்தல போட்டாச்சு, அவருக்கும் சந்தோசம், நமக்கும் நேரம் மிச்சம்," என்றார். கொடிக்காரர் என்ன செய்தார் என்றால், இன்னும் அதிகமாகச் சிவப்பு காட்டினார். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை காட்டியவர் வருகிற வண்டிக்கெல்லாம் காட்ட ஆரம்பித்தார். அவர் எவ்வளவு காட்டினாரோ அவ்வளவுக்கு அவர்கள் நிற்காமல் போனார்கள். பச்சை காட்டினால் அந்தப் பொட்டலமும் வராது, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஒரு தடவை பாலத்துக்குப் பக்கத்தில் டயர் வெடித்து, பஸ் நின்றுவிட்டது. நான் மேட்டுக்குப் போனேன். குடிசைக்குள் பால் இல்லாத காப்பி போட்டுக் கொடுத்தார். தகரக் குவளை ஒன்றுதான் இருந்தது, அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் வெறுங்கையோடு உட்கார்ந்தார். "கூட்டத்துல இருந்தப்ப ராப்பூரா சளசளன்னு பேச்சுங்கய்யா. எப்படா இந்தச் சத்தத்துலேருந்து தப்பிப்போம்னு இருக்கும்," என்றார். பிறகு டயர் மாற்றுகிறவர்களைப் பார்த்தபடி, "வண்டி வந்து நிக்கும் பாருங்க, இஞ்சின் சத்தம் அடங்குமே, அப்பத்தான் மனுசக் குரல் கேக்கும். அதுக்கு முன்னாடி கேக்காது," என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். கல்யாணமாகாத, ஊரெல்லாம் ஐயா என்று கூப்பிடுகிற இளைஞனுக்கு அதில் என்ன புரிந்திருக்கும்?

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. விடியற்காலையிலிருந்து தூறல், பாலத்துப் பலகைகள் வழவழவென்று கிடந்தன. பஸ் வளைவில் திரும்பியபோது கொடிக்காரர் மேட்டில் இல்லை. கீழே இறங்கி, ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே ஆட்டினார். "நெசமாவே வருது, நெசமாவே வருதுப்பா," என்று கத்தினார். டிரைவர், "இன்னைக்கு ஆட்டம் பெருசா இருக்கே," என்று சொல்லி ஸ்டியரிங்கை ஒடித்து அவரை ஒதுக்கிக்கொண்டு போனார். கண்டக்டர் வீசிய பொட்டலம் கொடிக்காரரின் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பொட்டலத்தை எடுக்கவில்லை. எங்கள் பின்னால் ஓடி வந்தார், அந்தக் காலை இழுத்துக்கொண்டு.

உச்சியில் ஏறியதும் எதிரே மாட்டு வண்டி. அந்தக் கரைத் தோட்டத்திலிருந்து விறகு ஏற்றி வந்த வண்டி. டிரைவர் பிரேக்கை மிதித்தார், பஸ் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய் வண்டியைக் கைப்பிடிக் கட்டையோடு வைத்து நெரித்தது. மரம் முறிகிற சத்தம், அதற்குப் பிறகு பஸ்ஸில் பெண்கள் அழுகிற சத்தம். நுகத்தடி முறிந்து ஒரு மாடு ஆற்றில் விழுந்துவிட்டது. வண்டிக்காரர் சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டியிருந்தார். உயிர் இருந்தது. தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. அவரை வெளியே எடுத்துப் போட்டுக் கட்டுவதற்கு நேரான கட்டை ஒன்று தேடினேன். மூச்சு வாங்க வந்து நின்ற கொடிக்காரர், நான் கேட்காமலேயே இரண்டு கொடிக் கம்புகளையும் நீட்டினார். துணியைக் கிழித்து அவரே கொடுத்தார். சிவப்பாலும் பச்சையாலும் அந்தக் காலைக் கட்டி, குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி வருகிறவரைக்கும் வண்டிக்காரரை அங்கே கிடத்தியிருந்தோம். தலைக்கு உயரமாக எதையாவது வைக்கலாம் என்று மூலையிலிருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தை இழுத்தேன். அதற்குள் வெற்றிலைப் பொட்டலங்கள். மேலே இருந்தவை பச்சையாக, கீழே போகப்போக வாடி, அழுகி, அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "நீங்க வெத்தல போடறதில்லையா?" என்று கேட்டேன். "பழக்கமில்லீங்கய்யா." "அப்புறம் எதுக்கு வாங்கி வெச்சிருக்கீங்க?" அவர் தகரத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "குடுக்கறாங்களே," என்றார். இத்தனை நாளில் அவரை ஒரு கேள்வி கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

விசாரணை ரோட்டு ஆபீஸின் வராந்தாவில் நடந்தது. இலாகாவின் வெள்ளைக்காரத் துரை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஆபீஸ் குமாஸ்தா, ஒரு தமிழ்க் கிராணி. டிரைவர்கள் வரிசையாக வந்து ஒரே மாதிரி சொன்னார்கள்: "அவரு எப்பவும் சிவப்புதான் காட்டுவாரு துரை, எதுவும் வராது." பொய் இல்லை. அன்று சிவப்பு காட்டியதையும், ரோட்டில் நின்று கத்தியதையும் நான் சொன்னேன். துரை அதை ஏற்றுக்கொண்டார். பிறகு கொடிக்காரரைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: மற்ற நாட்களில் எதிரே எதுவும் வராதபோது ஏன் வண்டிகளை நிறுத்தினாய்? கிராணி நல்ல மனிதர். கேள்வியைத் தமிழில் சொல்லும்போதே குரலைத் தாழ்த்தி, "பலக ஆடுச்சு, அதான்னு சொல்லிடுங்க," என்று வழியும் சொல்லிக்கொடுத்தார். அதைச் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். அந்த மேடும் குடிசையும் தப்பியிருக்கும். அவர் கிராணியைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், வரிசையாக நின்ற டிரைவர்களைப் பார்த்தார்.

"பேசறதுக்குத்தாங்க," என்றார்.

கிராணி அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். துரை மறுபடி கேட்டார். வேறு வழியில்லாமல் கிராணி சொன்னதும், தனக்குத்தான் சரியாக விளங்கவில்லை என்று நினைத்துத் துரை இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கொடிக்காரர் அதே வார்த்தையை அதே குரலில் திருப்பிச் சொன்னார். டிரைவர்களில் ஒருவன் லேசாகச் சிரித்தான். எங்கள் டிரைவர் சிரிக்கவில்லை, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அபராதம். கொடிக்காரருக்கு வேலை போயிற்று. அத்தனை பேர் முன்னால் என் தனிமையை அப்படி எடுத்து வைக்க எனக்கு அன்றும் துணிச்சல் இருந்திருக்காது, இன்றும் கிடையாது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணி மூட்டை. வண்டிக்காரரின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். எலும்பு கூடிவிடும், கால் கொஞ்சம் கட்டையாகும் என்றேன். "என்னைய மாதிரி இழுத்து நடப்பாரு," என்றார். எதிரே பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் ஆசைப்பட்டதே இதற்குத்தானே என்று, அதைப் போகவிட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். அன்று அவருக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. பிறகு தங்காக் பக்கம் ரோடு வேலை நடக்கிறது, பழைய கூட்டத்து ஆட்கள் யாராவது இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. மேட்டில், ஹார்ன் அடித்து மெதுவாகப் போகும்படி ஒரு பலகை நட்டார்கள். எல்லாரும் ஹார்ன் அடித்து வேகமாகப் போனார்கள்.

இப்போது அங்கே அகலமான சிமெண்டுப் பாலம். அந்த மேட்டை எப்போதோ வெட்டிச் சமன் செய்துவிட்டார்கள். நான் மாசாயில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறேன், ரோட்டைப் பார்த்த வாசல். மனைவி போனபின் வீட்டில் என்னோடு பேசுவது ரேடியோதான். ரோட்டுக் கோடியில் சிவப்பு விளக்கு இருக்கிறது. தொழிற்சாலை விடுகிற நேரத்தில் அதில் நிற்கிறவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். சாயங்காலம் நாற்காலியைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை வண்டிகள், எத்தனை முகங்கள். ஒன்றாவது இந்தப் பக்கம் திரும்ப வேண்டுமே.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் தவறாமல் வருவான். வாசலில் ஹார்ன் அடிப்பான், நான் கேட்டுக்குப் போவேன். காரை வாசலுக்குள் பாதி ஏற்றி, இஞ்சினை அணைக்காமல், சன்னலை இறக்கி ஒரு பையை நீட்டுவான். ஆரஞ்சுப் பழம். "அப்பா, நல்லா சாப்பிடுங்க. லேட்டா போனா சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாம் லா, மாட்டிக்குவேன்." எனக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது, ஆரஞ்சு தொடக்கூடாது. அவனிடம் நான் சொன்னதில்லை, அவன் கேட்டதுமில்லை. பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். போன வாரத்துப் பழங்கள் சமையலறைக் கூடையில் அப்படியே இருக்கும்.

போன ஞாயிறும் அப்படித்தான் வந்தான், பையைக் கொடுத்தான், பின்னால் எடுக்க கியரைப் போட்டான். அவன் ரோட்டில் இறங்கும்போது நான் வெளியே போய் நின்று, வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வது வழக்கம். அன்றும் போய் நின்றேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம், ரோடு கோடி வரைக்கும் வெறிச்சென்று கிடந்தது. என் கை தானாக மேலே போயிற்று.

"இருப்பா," என்றேன். "அந்தப் பக்கம் ஏதோ வருது."

அவன் பிரேக்கை மிதித்தான். கழுத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் வரலியேப்பா?"

நான் கையை இறக்கவில்லை.